பின்தகட்டின் கோடு

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சின்னவர்களுக்கும் பெரியவர்களுக்கும் அவள் பல்லக்கா. பல் வைத்தியம் பார்ப்பவள் என்று நினைத்துவிடக் கூடாது. வைத்தியர் நோயாளியின் வாயில் அச்சு எடுத்து அனுப்புவார். அந்த அச்சை வைத்துப் பல் செய்து கொடுப்பவள். இருபத்திரண்டு வருடமாக ஒரே பட்டறை, ஒரே ஜன்னலோர மேசை. நெற்றியில் மாட்டிய பூதக்கண்ணாடி, கையில் பேனா பிடிப்பதுபோல் பிடித்த சின்ன கிரைண்டர். நாலு பேர் சேர்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடத்தில் மற்றவர்கள் முகம் பார்ப்பார்கள், அவள் வாயைப் பார்ப்பாள். "அந்தக் கோடி ஆளுக்கு மேல் பல் நாலும் என்னுது" என்று கணவரின் காதில் சொல்வாள். அவர், "சத்தம் போடாத, கழட்டிக் குடுத்துடப் போறாரு" என்பார்.

அவளுடைய தொழிலில் ஒரே ஒரு விதி உண்டு. எங்கே பல் முடிய வேண்டுமோ அங்கே சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்வார்கள். அந்தக் கோடு வரைக்கும் தேய்க்கலாம், கோட்டைத் தேய்க்கக் கூடாது. வேலை முடிந்த பிறகும் கோடு தெரிய வேண்டும். சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு கோட்டை அழித்துவிட்டு, அது ஒரு முடி அகலம்தானே என்று சொன்னதற்கு அன்றைய முதலாளி அவளை நாள் முழுக்க வெறும் அச்சு கழுவ விட்டார். அதற்குப் பிறகு அவள் கோட்டை அழித்ததே இல்லை.

இந்த விதியைக் கேட்டுச் சிரித்த ஒரே ஆள் அவளுடைய கணவரின் அண்ணன். வீட்டில் எல்லோருக்கும் மூத்தவர், அவளுக்கு மாமா. சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். பட்டறையின் பின்பக்கம் தார்ப்பாய்க்கு அடியில் ஒரு பழைய இரண்டு சீட்டு கார் நின்றது. வருடத்துக்கு இரண்டு முறை கார் சங்கத்துக்காரர்கள் மலைப்பாதையை ஒரு நாள் அடைத்து, ஒவ்வொரு காராக மேலே ஏற்றி நேரம் பார்ப்பார்கள். அதற்கு மட்டும் அந்தத் தார்ப்பாய் விலகும்.

அந்தக் காரில் இருந்தது ரோட்டரி இன்ஜின். மேலும் கீழும் குதிக்கும் பிஸ்டன் இல்லை, வால்வு இல்லை. இடுப்பு சிறுத்த முட்டைபோல ஒரு கூடு, அதற்குள் சுற்றும் முக்கோணம் ஒன்று. அப்படி இரண்டு முக்கோணங்கள் வரிசையாக இருந்தன. இரண்டுக்கும் பக்கச் சுவராக முன்னால் ஒரு இரும்புத் தகடு, நடுவில் ஒன்று, பின்னால் ஒன்று. காற்றும் பெட்ரோலும் உள்ளே வருவது அந்தத் தகடுகளில் இருக்கும் ஓட்டை வழியாக. அதற்குப் போர்ட் என்று பெயர்.

"காத்தை அமுக்கி உள்ள தள்ளுமே, அந்த டர்போ போட்டுடுங்க மாமா. எல்லாரும் அதத்தானே போடறாங்க?" என்று அவள் ஒருமுறை சும்மா கேட்டு வைத்தாள்.

"ஏம்மா, சோறு இறங்கலன்னா குழாய் வச்சு ஊட்டறதா? வாயைக் கொஞ்சம் பெரிசாத் திறக்கச் சொல்லணும். அவ்வளவுதான்."

அவருடைய வித்தை முழுவதும் அந்த வாயில் இருந்தது. போர்ட்டின் ஓரத்தைத் தேய்த்து அகலப்படுத்தினால் காற்று கொஞ்சம் முன்னாலேயே நுழையும், கொஞ்சம் பின்னால்தான் நிற்கும். வேகம் ஏற ஏற இன்ஜின் நெஞ்சு நிறைய இழுக்கும். குறைந்த வேகத்தில் மந்தமாகும், நிற்கும்போது திக்கித் திக்கி உறுமும், அதற்கெல்லாம் அவர் தயார். ஆனால் அளவு மீறினால் ஆபத்து. முக்கோணத்தின் மூலைகளில் அழுத்தம் கசியாமல் அடைக்க, சட்டைப் பித்தான் அளவுக்கு வட்டமான ஒரு சீல் இருக்கும். தகட்டின் மேல் சறுக்கிக்கொண்டே ஓடுவது அது. போர்ட்டின் ஓரம் அதன் பாதையைத் தின்றுவிட்டால், சீல் ஓட்டைக்குள் தலை குப்புற விழும். நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்றில் அப்படி விழுந்தால் தகடு, கூடு, முக்கோணம் எல்லாம் ஒரே நொடியில் குப்பை.

அவளுடைய கிரைண்டரில் மாட்டும் பர் என்ற தேய்ப்பு முனைகளை, தேய்ந்ததும் அவர் வாங்கிக்கொள்வார். பல் வேலைக்கு உதவாத முனைகள் இரும்பின் மூலை முடுக்கைத் தேய்க்க அவருக்கு உதவின. வாங்கும்போதெல்லாம் ஒரு வம்பு.

"நீ கோட்டுக்குக் காவல் நில்லு. நான் கோடு போடறதே அழிக்கத்தான். கோடு மறைஞ்சா வேலை முடிஞ்சுது."

"அதனாலதான் உங்க பல்லு அந்தக் கோலத்துல இருக்கு மாமா. வாங்க, ஒரு அச்சு எடுத்துடறேன்."

"எடுப்ப, எடுப்ப. அப்புறம் எவன் வாயைப் பார்த்தாலும் 'என் மாமா பல்லு மாதிரி இல்லையே'ன்னு சொல்லிட்டுத் திரிவ."

போன வருடம் ஒரு மதிய வேளையில் அவர் லேத்துக்குப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. டாக்டர் இதயம் என்றார். ஐம்பத்தாறு வயது. மெஷின் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. நிறுத்தியது அவர் மனைவி, பல்லக்காவின் ஓரகத்தி. ஓரகத்தியை அவள் அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

நாலு மாதம் அந்தப் பின்பக்கத்தை யாரும் திறக்கவில்லை. திறந்தபோது காரில் இன்ஜின் இல்லை. மேசைமேல் பிரித்து வைத்திருந்தார். முக்கோணங்கள் எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தன. புகைக்குழாயை ஏற்கெனவே பெரிதாக்கிப் புதிதாக வளைத்து வைத்திருந்தார். நடுத்தகடு முடிந்திருந்தது. முன்தகட்டின் போர்ட்டும் அகலமாகி, ஓரம் கண்ணாடிபோல் வழவழத்தது. பின்தகட்டில் நீல மை பூசி ஊசியால் கீறிய ஒரு கோடு மட்டும் இருந்தது. கை வைக்கவில்லை.

"இதை முடிக்கணும்," என்றாள் ஓரகத்தி. "ஒரே ஒரு தடவை மலை ஏறி இறங்கட்டும். அவரு என்னத்தை இத்தனை நாள் தேய்ச்சுக்கிட்டு இருந்தாருன்னு நான் காதால கேக்கணும். அப்புறம் வேணும்னா தார்ப்பாயைப் போட்டு மூடிடலாம்."

மூத்தவரின் கூட்டாளி ஒருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் ஸ்பேனரால் தலையைச் சொறிவதால் அவருக்கு ஸ்பேனர் என்றே பெயர். "கோக்கறது என் பொறுப்பு அண்ணி. கண்ணை மூடிக்கிட்டுக் கோத்துடுவேன். ஆனா போர்ட்டைத் தேய்க்க எனக்குக் கை வராது. இந்தத் தகடு இப்ப வர்றதே இல்ல. ரெண்டு வருஷம் தேடித்தான் அண்ணன் இந்த செட்டைப் பிடிச்சாரு. இது போச்சுன்னா இந்த இன்ஜின் இனி ஓடாது, சொல்லிட்டேன்."

எல்லோரும் பல்லக்காவைப் பார்த்தார்கள். அவள் கணவர் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுபவர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அவர்கூட அவளைத்தான் பார்த்தார்.

"என்னங்க, நானா? நான் மெழுகையும் பீங்கானையும் தேய்க்கறவ."

"நீ போன வாரம் நம்ம வீட்டுக் கதவுத் தாழ்ப்பாளத் தேய்ச்ச," என்றார் கணவர். "இன்னிக்கு வரைக்கும் வெண்ணெய் மாதிரி போகுது."

அவள் தகட்டை எடுத்துக்கொண்டு உட்கார மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. முதல் ஞாயிறு பார்த்துக்கொண்டே இருந்தாள். அடுத்த ஞாயிறு, பல் பட்டறையில் செய்வதுபோலவே, முடிந்த முன்தகட்டின் போர்ட்டை மெல்லிய தாளில் பிரதி எடுத்தாள். முன்தகடும் பின்தகடும் கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறியவை. ஆகவே தாளைத் திருப்பிப் பின்தகட்டின்மேல் வைத்தாள். அவர் கீறிய கோடும் இவள் தாளின் கோடும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை. அவருடைய கோடு சுற்றிலும் அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளி ஓடியது.

தாள் நழுவியிருக்கும் என்று மறுபடி எடுத்தாள். அதே அரை மில்லி. மூன்றாவது தடவையும் அதே. வேறு யார் போட்ட கோடாக இருந்தாலும் அவள் தன் தாளைத்தான் நம்பியிருப்பாள். இது அவர் கையால் போட்ட கடைசிக் கோடு. பின்பக்க முக்கோணத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் காற்று வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டிருப்பார், நமக்கு என்ன தெரியும் என்று தாளைக் கசக்கிப் போட்டாள்.

அடுத்து, கோட்டை விடுவதா, அழிப்பதா? தன் வழக்கப்படி விட்டுவிட்டால் அது அவர் வேலையாக இருக்காது. கோடு மறைஞ்சா வேலை முடிஞ்சுது என்று சொன்னவர் அவர். மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை மதியம், பெரிய பர் போட்டு முக்கால்வாசி இரும்பை எடுத்து, பிறகு தன் சின்ன கிரைண்டரால் ஓரத்தைச் செதுக்கிக்கொண்டே போய், அச்சு கழுவிய அந்த நாளுக்குப் பிறகு முதல்முறையாகக் கோட்டை அழித்தாள். நீல மை முழுவதும் போனபோது கண் கலங்கியது. இரும்புத் தூள் என்று கணவரிடம் சொன்னாள். அவரும் ஒத்துக்கொண்டார்.

இன்ஜினைக் கோக்க நாள் குறித்தார்கள். காலையிலேயே ஸ்பேனர் வந்துவிட்டார். கூடுகளைத் துடைத்து, சீல்களை எண்ணி, ரப்பர் வளையங்களை வரிசையாகப் பரப்பினார். பல்லக்கா தகடுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தாள். ஓரகத்தி டீ கொண்டுவந்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டுப் பின்தகட்டைக் குனிந்து பார்த்தாள்.

"கடைசியில நீதான் செஞ்ச. அவரு சொன்ன மாதிரியே ஆச்சு."

"என்ன சொன்னாரு அக்கா?"

"இந்தத் தகட்டை உன்கிட்ட குடுக்கப் போறேன்னுதான் சொல்லிட்டிருந்தாரு. 'அவ கோட்டைத் தொடமாட்டா, உள்ளயே நின்னுடுவா. அதனால அரை மில்லி தள்ளியே போட்டிருக்கேன், அவளுக்குத் தெரிய வேணாம்'னு சொல்லி ஒரே சிரிப்பு."

பல்லக்காவின் கையிலிருந்த தூரிகை மண்ணெண்ணெய்க்குள் விழுந்தது.

மூன்று தாள்களும் சரியாகத்தான் சொல்லியிருந்தன. அவர் அவளுக்காக அரை மில்லி வெளியே நகர்ந்திருந்தார். அவள் அவருக்காகக் கோட்டையும் தாண்டி நகர்ந்திருந்தாள். இரண்டு நகர்வும் ஒரே பக்கம்.

"அழிச்சுட்டேன்," என்றாள். "அக்கா, நான் கோட்டை அழிச்சுட்டேன்."

ஓரகத்திக்குப் புரியவில்லை. ஸ்பேனருக்குப் புரிந்தது. கையிலிருந்த ஸ்பேனர் தலைக்குப் போகாமல் பாதியில் நின்றது. "தங்கச்சி, முன்தகட்டுலயே எல்லை வரைக்கும் வந்துட்டேன்னு அண்ணன் என்கிட்ட சொன்னாரே. அதுக்கு மேல அரை மில்லியா?"

டீயில் ஆடை படிந்தது. கணவர் மெதுவாக, "ஒட்டவச்சு சரி பண்ண முடியாதா?" என்று கேட்டார். "அது என்ன செருப்பா?" என்றார் ஸ்பேனர். கேட்டவருக்கும் சொன்னவருக்கும் சிரிப்பு வரவில்லை.

பல்லக்காவுக்குத் தகட்டைவிட ஓரகத்தியின் முகத்தைப் பார்ப்பதுதான் கஷ்டமாக இருந்தது. நாலு மாதத்துக்குப் பிறகு அந்த முகம் கேட்ட ஒரே பொருள் இது. ஆனால் அவள் கை வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தது. எல்லை என்று அவர் வாயால் சொன்னார், சரி. யார் அளந்து பார்த்தது? பல் செட் ஒன்று உயரமாகிவிட்டது என்று புகார் வந்தால் முதலில் தூக்கிப் போடுவார்களா, எங்கே உரசுகிறது என்று பார்ப்பார்களா?

"என்னங்க, வண்டியை எடுங்க. பட்டறைக்குப் போகணும். இன்னிக்கு லீவு, சாவி என்கிட்ட இருக்கு."

இருபது நிமிடத்தில் ஒரு சின்ன ஸ்ப்ரே டப்பாவோடு திரும்பி வந்தாள். மேல் பல்லும் கீழ்ப் பல்லும் எந்த இடத்தில் தொடுகின்றன என்று பார்க்கத் தெளிக்கும் பச்சைப் பொடி அது. தொட்ட இடத்தில் பொடி அழிந்து போகும், தொடாத இடத்தில் அப்படியே நிற்கும். பின்தகட்டை மேசையில் படுக்க வைத்து மெல்லிசாகப் பச்சை தெளித்தாள்.

"அண்ணா, இதுமேல கூட்டை வைங்க. ஷாஃப்டை இறக்குங்க. மூலை சீலை ஸ்பிரிங்கோட போட்டு முக்கோணத்தை வச்சு, கையால மூணு சுத்து சுத்தணும். மெதுவா."

"தகட்டுல பெயின்ட் அடிக்கறியேம்மா."

"துடைச்சா போயிடும். சுத்துங்க."

ஸ்பேனர் சுற்றினார். கணவர் ஷாஃப்ட் சாயாமல் பிடித்துக்கொண்டார். பிறகு எல்லாவற்றையும் மேலாகத் தூக்கி எடுத்தார்கள். பல்லக்கா பூதக்கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு குனிந்தாள்.

பச்சையின் நடுவே மூலை சீல் ஓடிய தடம் வெள்ளி நாடாபோல் வளைந்து சென்றது. போர்ட்டை நெருங்கும் இடத்தில் நாடா ஒடுங்கியது. ஒடுங்கி ஒடுங்கி, போர்ட்டின் ஓரத்துக்கும் பச்சைக்கும் நடுவில் ஒரு கீற்றாக ஆனது. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கீற்றின் கூடவே போனாள். இந்த முனையிலிருந்து அந்த முனை வரை அது எங்கேயும் அறுபடவில்லை. திரும்பவும் அகலமாகி நாடாவாகிப் போய்விட்டது.

"நிக்குது," என்றாள். "அண்ணா, நிக்குது. சீல் நிக்க இடம் இருக்கு."

ஸ்பேனர் பூதக்கண்ணாடியைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தார். கேலிப்பரை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "ஒன்னேகால் மில்லி இருக்கு. இது தாராளம்!" அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. "அப்படின்னா முன்தகட்டுல ஒன்னேமுக்கால் விட்டிருக்காரு. எல்லைக்கு வந்துட்டேன், எல்லைக்கு வந்துட்டேன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டு, திருட்டுத்தனமா மிச்சம் வச்சிருக்காரு பாரு உங்க ஆளு!"

ஓரகத்தி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவர் போனதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் கேட்காத சிரிப்பு. "அப்படித்தான். வீட்டுல என்கிட்டயும், சட்னியில உப்பு சரியா இருக்குன்னு சொல்லிட்டு அப்புறமா யாருக்கும் தெரியாம போட்டுக்குவாரு."

பல்லக்கா உட்கார்ந்துகொண்டாள். தோளில் ஏற்றிய மூட்டையை யாரோ இறக்கி வைத்ததுபோல் இருந்தது. இவ்வளவு நாளும் அவரை அவள் தப்பாகவே புரிந்துகொண்டிருந்தாள். கோட்டை அழிக்கிறவர் என்றால் அஞ்சாதவர் என்று நினைத்தாள். அவர் தன் பயத்தையெல்லாம் கோடு போடும்போதே போட்டு முடித்துவிடுவார். அதனால்தான் பிறகு கவலையில்லாமல் அழிக்க முடிந்தது.

கோத்துவிடலாம் என்று ஸ்பேனர் கைகளைத் தட்டிக்கொண்டு எழுந்தார். அவள் விடவில்லை. பின்னால் ஒன்று பெரிதாகவும் முன்னால் ஒன்று சிறிதாகவும் இருந்தால் ஒரு முக்கோணம் இன்னொன்றை இழுத்துக்கொண்டு ஓடும், வந்த பலனும் போகும்.

"முன்தகட்டையும் அரை மில்லி திறக்கணும் அண்ணா."

"ஒன்னு தப்பிச்சதே பெரிசு தங்கச்சி. விட்டுடு. அது அண்ணன் முடிச்ச வேலை."

அவள் ஓரகத்தியைப் பார்த்தாள்.

"முடிச்சதுதான். ஆனா சரியா முடிக்கலையே," என்றாள் ஓரகத்தி. "நீ தேய். திட்ட வரமாட்டாரு."

இந்த முறை நீல மை பூசியதும் கோடு கீறியதும் பல்லக்காவே. பின்தகட்டின் பிரதியைத் திருப்பி வைத்து, தன் தாளை நம்பிக் கீறினாள். கோடு வரைக்கும் தேய்த்தாள். கோடு மெல்லிய நீல இழையாக ஓரத்தில் நின்றது. பச்சைப் பொடி தெளித்துச் சுற்றிப் பார்த்தார்கள். அங்கேயும் கீற்று அறுபடவில்லை. மாலைக்குள் இன்ஜின் ஒன்றாக நின்றது.

அடுத்த வாரம் காரை உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளக்கும் இடத்துக்குக் கொண்டுபோனார்கள். போர்ட்டைத் தொடுவதற்கு முன்னால் மூத்தவர் அங்கேயே அளந்த பழைய சீட்டு இருந்தது: சக்கரத்தில் நூற்றுப் பதினாறு குதிரைத்திறன். இப்போது நூற்று நாற்பத்திரண்டு. அளக்கிறவர் திரையையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"டர்போ எங்க ஒளிச்சு வச்சிருக்கீங்க?"

"டர்போவும் இல்ல, மண்ணும் இல்ல. தானா இழுக்கற மூச்சு," என்றார் ஸ்பேனர், தானே தேய்த்தவர்போல. "பல் கட்டற கை சார்."

மலையடிவாரத்தில் கார்கள் வரிசையில் நின்றன. ஓட்டப் போவது அவள் கணவர். அவருக்குத் தலைக்கவசம் கொஞ்சம் பெரிது. கொடி இறங்கியதும் கார் இரண்டடி நகர்ந்து அணைந்துவிட்டது. கூட்டம் சிரித்தது.

"ரெண்டாயிரம் சுத்துக்குக் கீழ அது தூங்கும்னு சொன்னேன்ல? மிதிங்க மச்சான், பிள்ளைங்க யாரும் ஏறப் போறதில்ல!" என்று ஸ்பேனர் கத்தினார்.

மறுபடி கிளப்பி மிதித்தார். திக்கிக்கொண்டிருந்த உறுமல் ஒன்றாகச் சேர்ந்து, நீண்டு, கிழிந்து, ஒரே ஊளையாக மேலே போனது. முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவைத் தாண்டியதும் சத்தம் சட்டென்று நின்றது. பல்லக்கா ஸ்பேனரைப் பார்த்தாள். அவரும் மலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஓரகத்தி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் வலித்தது. பாறைக்குப் பின்னால் பாதை மறையும் இடம் அது என்று பக்கத்தில் யாரோ சொல்லி முடிப்பதற்குள், உச்சியில், முன்னைவிட மெல்லிய குரலில், அந்த ஊளை மறுபடி கேட்டது.

நேரம் ஒன்றும் முதல் பரிசுக்குரியது அல்ல. இருபத்தாறு கார்களில் ஒன்பதாவது. ஆனாலும் மூத்தவரின் பழைய நேரத்தைவிட ஏழு விநாடி குறைவு, கிளம்பும்போது அணைந்ததையும் சேர்த்து.

கார் இறங்கி வந்ததும் ஸ்பேனர் யாரையும் கிட்டே விடவில்லை. சூடாக இருந்த இன்ஜினிலிருந்து பிளக்கைக் கழற்றி அழுத்தமானியைத் திருகினார். முக்கோணத்தின் மூலை சீல் ஒன்று பழுதாகியிருந்தால் முள் மூன்று தடவையில் ஒரு தடவை தளர்ந்து குதிக்கும். பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். முள் குதித்தது: ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் ஒரே உயரம். முன்பக்கமும் அப்படியே.

"உள்ள ஒரு கீறல் இல்ல," என்றார்.

ஓரகத்தி காதிலிருந்த பஞ்சை எடுத்துவிட்டு, பெரிய குரலில், "இவ்வளவு சத்தத்தையா இந்த மனுஷன் எனக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருந்தாரு?" என்று கேட்டாள். பிறகு யாரிடமும் கேட்காமல் காரின் பக்கத்துச் சீட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "தம்பி, இன்னொரு தடவை விடுவாங்களான்னு கேளு. நானும் வர்றேன்."

தம்பி சங்கத்துக்காரர்களிடம் கேட்கப் போனார். பல்லக்கா புல்தரையில் காலை நீட்டி உட்கார்ந்தாள். ஸ்பேனர் குனிந்து, "என்ன தங்கச்சி, மயக்கமா?" என்றார்.

"இல்லண்ணா," என்றாள். "பசிக்குது. சாப்பிட ஏதாவது இருக்கா?"